பனிக்காலத்துத் தேனீ

அயர்லாந்தில் ஒரு காலத்தில் மூலைக்கொரு ராஜா இருந்தார். ஃபெர்கல் ராஜாவுக்கு வாய்த்த மூலை ரொம்பச் சின்னது. அவர் அரண்மனையில் தும்மினால் பக்கத்து நாட்டு ராஜா "ஆயுசு நூறு" என்பார்.

வழிப்போக்கர்களுக்குச் சூடான கஞ்சியும் குளிர்காய நெருப்பும் கொடுப்பது அங்கே ராஜாவின் முதல் கடமை. அந்தப் பனிக்காலத்தில் "விறகு வீண், மகாராஜா" என்றார் மந்திரி ரூரி. விருந்தினர் கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. ஆஸ்தானக் கவிஞர் லோர்கான் இது அநியாயம் என்று சபையிலேயே முணுமுணுத்தார். மந்திரி அதை மனசில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் ராஜாவின் கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம்.

கவிஞர் வசை பாடினால் பாடப்பட்டவர் முகத்தில் கொப்புளம் கிளம்பும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மந்திரிக்குக் கொண்டாட்டம். "இது லோர்கான் வேலைதான். நாக்கை அறுத்துவிடலாம்" என்றார்.

லோர்கான் அப்போது இருட்டறையில், வயிற்றின்மேல் ஒரு கல்லை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். அந்த நாட்டுக் கவிஞர்கள் பாட்டு கட்டுவது அப்படித்தான். கல்லை இறக்கி வைக்கக்கூட விடாமல் காவலர்கள் இழுத்து வந்தார்கள். சபையில் கொல்லன் இடுக்கியோடு நின்றான். நாக்கு போனால் கவிஞனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? ஆனால் லோர்கான் கல்லை அணைத்தபடி நிதானமாகப் பேசினார்.

"மந்திரியாரே, வசைச் சட்டம் முழுசும் ஞாபகம் இருக்கிறதா?"

"உம்மைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! கேளும்."

"அநியாயமாக வசை பாடினால்?"

"பாடியவன் முகத்திலேயே கொப்புளம் வரும்."

லோர்கான் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். ஒரு பருகூட இல்லை.

"நியாயமாகப் பாடினால்?"

"ராஜா முகத்தில் வரும். வந்தால் அவர் சிம்மாசனத்தை விட்டு..." மந்திரி பாதியில் நிறுத்திக்கொண்டார்.



"மகாராஜா, நான் பாடித்தான் வந்தது என்று தாங்கள் சொன்னால் இதோ நாக்கை நீட்டுகிறேன். கொப்புளம் எதனால் வந்தது?"

ராஜா கன்னத்தைத் தடவினார். சிம்மாசனத்தின் கைப்பிடியையும் தடவினார்.

"தேனீ கொட்டிவிட்டது" என்றார்.

வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி உறைந்து கிடந்தது.

"இந்தக் குளிரில் தேனீயா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். ராஜா மந்திரியைப் பார்த்தார்.

"நானே என் கண்ணால் பார்த்தேன்" என்றார் மந்திரி. "பெரிய தேனீ."

கொல்லன் இடுக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ராஜாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "லோர்கான், என்ன வேண்டுமோ கேளும்."

"எனக்கு ஒன்றும் வேண்டாம், மகாராஜா. தங்கள் கன்னத்தை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. தேனீ மறுபடியும் வரலாம். விருந்தினர் கூடத்து அடுப்பை மூட்டச் சொல்லுங்கள். புகை இருக்கும் இடத்தில் தேனீ அண்டாது."

ராஜா கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தார். விறகு சுமக்கும் வேலை மந்திரிக்குக் கிடைத்தது. லோர்கான் கல்லோடு இருட்டறைக்குத் திரும்பி, பாதியில் விட்ட பாட்டைத் தொடர்ந்தார்.

அது என்ன பாட்டு என்று யாரும் கேட்கவில்லை.