ஞானப்பிரகாசத்தின் பேருந்து வரைபடம்

திருச்சியில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே தலைமைப் புரோகிராமர் ஞானப்பிரகாசத்தை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நகரத்தின் பேருந்து நிறுத்தங்களையும் அவற்றை இணைக்கும் சாலைகளையும் அவர் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கியிருந்தார். ஆனால் அதை ஃபைலில் சேமிக்கப் போனால், ஓடி ஓடிக் கம்ப்யூட்டரே உறைந்துவிடும்.

"என் புரோகிராம்ல குறையே இல்ல," என்றார், புதிதாகச் சேர்ந்த ஜன்னத்திடம். "நாளைக்குப் போக்குவரத்துக் கழக அதிகாரி இதப் பார்க்க வர்றார். இன்னைக்குள்ள சேமிச்சுக் காட்டு. இல்லன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

அவர் எழுதியதை ஜன்னத் படித்துப் பார்த்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் பணிவாகக் கேட்டாள்.

"சார், உங்களப் பத்திச் சொல்லுங்க. உங்க நண்பரப் பத்தியும், அவரோட நண்பரப் பத்தியும் விடாமச் சொல்லணும்."

அவர் பெருமையாக ஆரம்பித்தார். "நான் ஞானப்பிரகாசம். என் நண்பர் டாக்டர் ஆரோக்கியம். அவரோட நண்பர் நான்தான்."

"சரி சார், உங்களப் பத்திச் சொல்லுங்க."

"அதத்தான் முதல்லயே சொல்லிட்டேனேம்மா."

"'சொல்லிட்டேன்'னு உங்களுக்குத் தெரியுது சார். உங்க புரோகிராமுக்குத் தெரியல. ஒரு நிறுத்தத்த எழுதி, பக்கத்து நிறுத்தத்த எழுதுது; அதுக்குப் பக்கத்துல இருக்குன்னு மறுபடி முதல் நிறுத்தத்தையே எழுதுது. முடிவே இல்ல."

ஞானப்பிரகாசம் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் எண் கொடுத்தாள். ஏற்கெனவே எழுதிய நிறுத்தம் மறுபடி வந்தால் எண்ணை மட்டும் குறிக்க வைத்தாள். டீ ஆறுவதற்குள் வரைபடம் ஃபைலில் சேமிக்கப்பட்டுவிட்டது. திறந்து பார்த்தபோது ஒரு சாலைகூடக் குறையவில்லை.

மறுநாள் அதிகாரி, "பிரமாதம், யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"நிறுத்தத்தையெல்லாம் எழுதினது நான் சார்," என்றார் ஞானப்பிரகாசம். "எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சது இந்தப் பொண்ணுக்குத்தான்."