மைல்கல்லுக்கு அந்தப் பக்கம்

“பிரேக் போட்டா நிக்க மாட்டேங்குது, மேரிம்மா.”

தீர்த்தகிரி இதைச் சொன்னபோது சகாயமேரி ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தாள். பாதம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“எங்க நிக்கல?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“கல்லாத்து இறக்கத்துல.”

அவள் வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

கரும்பு இழுக்கிற டிராக்டர்காரர்களுக்கு அந்தப் பக்கத்தில் சகாயமேரியை விட்டால் ஆள் கிடையாது. அவளுக்கு முப்பத்தெட்டு வயசு, தீர்த்தகிரிக்கு ஐம்பத்தொன்று. பிரேக் பிடிக்காதவன் வயசு பார்த்துக்கொண்டா நிற்பான்?

“பிரேக் லைனிங் மாத்துங்கண்ணே, மாத்துங்கண்ணேன்னு ரெண்டு வருஷமா தொண்டத்தண்ணி வத்த சொன்னேன். அப்பல்லாம் வராத மனுஷன் இப்ப ஏன் வந்தீங்க?”

தீர்த்தகிரி வாசலில் நின்ற தன் டிராக்டரைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்து வண்டி. இழுப்பில் இன்னும் குறையே கிடையாது. கரும்பு ஏற்றிய டிரெய்லரை மேட்டில் அது இழுக்கும் அழகைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர் பஸ்ஸை விட்டுவிட வேண்டியதுதான். அன்றைக்கு அதெல்லாம் பேசவில்லை.

“என் வீட்டுக்காரி மேல ஏத்தப் பார்த்தேன்,” என்றார்.

மேரி ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

“மத்தியானம் சோறு கொண்டாந்து இறக்கத்துக்குக் கீழ, மைல்கல்லுகிட்ட நிப்பா. நான் ஆலைக்குப் போற வழியில நிறுத்திச் சாப்பிடுவேன். அன்னிக்கு ஃபுல் லோடு. மிதிச்சேன், பெடல் அடி வரைக்கும் போயிடுச்சு. பின்னால இருந்து டிரெய்லர் தள்ளுது. அவ ரோட்டுல நின்னுட்டுச் சிரிக்கிறா.”

“அப்புறம்?”

“ஒரு சாண். ஒரு சாண்ல நின்னுச்சு. தூக்குவாளி பம்பர்ல இடிச்சுது. அவ நகரவே இல்ல, மேரிம்மா. நான் நிறுத்திடுவேன்னு நின்னா.”

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

தீர்த்தகிரி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பயந்துட்டியா, சும்மா விளையாட்டுக்குத்தான் கிட்ட வந்தேன்னேன்.”

மேரி அவர் வண்டியின் பிரேக் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

“பதினெட்டு நாளாச்சு. தெனமும் அதே இடத்துக்கு வர்றா. வெயிலு ஜாஸ்தியாம், அதனால இப்ப ரோட்டை விட்டு இறங்கி மைல்கல்லுக்கு அந்தப் பக்கம், நிழலுக்கு நிக்கிறா. அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குச் சோறு இறங்கல. ஆயில் பிரேக் போட்டுக் குடுங்க. அப்புறம் வண்டி நின்னுடும், நான் சொன்ன பொய்யும் நெசமாயிடும்.”

“போட்டுடலாம். இறக்கத்துல எந்த கியர்ல வருவீங்க?”

தீர்த்தகிரி தன் செருப்பைப் பார்த்தார்.

“அண்ணே, உங்களத்தான் கேக்கறேன்.”

“நியூட்ரல்.”

“லோடோடவா? எஞ்சின் பிடிப்பே இல்லாம, பிரேக்கை மட்டும் நம்பியா?”

“எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. டீசல் மிச்சமாவுது.”

எல்லாரும்! இந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் பாதிப் பேருக்குப் பேச்சே வராது.

வேலை நாலு நாள் ஆனது. பழைய பிரேக்கைக் கழற்றியபோது லைனிங் தேய்ந்து, கருகி, தகடு தெரிந்தது. மேரி அதை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பார்க்க மாட்டாமல் கீழே வைத்துவிட்டார்.

பழைய பிரேக் கூட்டைக் கழற்றிவிட்டு எண்ணெயில் மூழ்கி ஓடும் பிரேக் மாட்டினாள். டிரெய்லருக்கும் தனியாக பிரேக் வைத்தாள். “முன்னாடி இருக்கறது மட்டும் நின்னா போதுமா? பின்னால இருக்கறது மடக்கித் தள்ளிடும்,” என்றாள். வலது பெடலையும் இடது பெடலையும் சேர்த்துப் பிடிக்கும் கொக்கி எப்போதோ காணாமல் போயிருந்தது. வயலில் திருப்பும்போது ஒரு பக்கம் மட்டும் மிதிக்க வேண்டியிருக்கும், அதற்காக எடுத்துப் போட்டதைத் திரும்ப மாட்டவேயில்லை. புதுக் கொக்கி போட்டு, இறுக்கி, அதன்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்தாள்.

தீர்த்தகிரி ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஆஹா! வெண்ணெயாட்டம் இருக்கு. இனிமே நியூட்ரல்ல விட்டாக்கூட நிக்கும்ல?”

மேரி அவரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை.

“நாளைக்கு லோடு ஏத்திட்டு வாங்க. நான் கீழ நிக்கறேன். எப்படி வரணுமோ, உங்க இஷ்டம்.”

மறுநாள் பதினொன்றரை மணிக்கு மேரி தன் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, மைல்கல்லுக்கு நேராக நடு ரோட்டில் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

மேலே டிராக்டர் தலைகாட்டியது.

அது வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து, தலையை நீட்டி வைதுவிட்டு ஒதுங்கிப் போனான். ஒரு கிழ நாய் டிராக்டரை முந்திக்கொண்டு இறங்கியது. கியரில் முனகிக்கொண்டே வந்த வண்டி, மேரிக்கு முப்பது அடி முன்னாலேயே நின்றுவிட்டது.

அவள் நடந்து போனாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, பிரேக் இருக்கும் இரும்புக் கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“சூடே இல்லியே. மிதிக்கவே இல்லியா?”

“கடைசியில லேசா.”

“எந்த கியர்?”

“ஒண்ணு.”

“நாலு நாள் மண்ணுல புரண்டு மாட்டியிருக்கேன். என் வேலை மேல நம்பிக்கை இல்லியா?”

“ஐயோ, பிரேக்கை நம்பாம என்ன?” என்று தீர்த்தகிரி பதறினார். “நீங்க நிக்கறீங்களே, மேரிம்மா. ஒரு உசிரு எதிர்ல நிக்கறப்ப எப்படி நியூட்ரல்ல விடறது? மனசு வரல.”

மேரி கையைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க வீட்டுக்காரம்மா நின்னப்ப மனசு வந்துச்சா?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. மேரி அதைப் பார்க்காதவள் மாதிரி மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி மாதம்மா தூக்குவாளியோடு வந்தாள். ரோட்டைத் தாண்டி, கல் தனக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற மாதிரி மைல்கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். வண்டி முன்னாலேயே நிற்பதைப் பார்த்து, “இன்னிக்கு என்ன, எனக்கு முன்னாடியே வந்துட்ட?” என்றாள்.

தீர்த்தகிரி இறங்கி அவளிடம் போனார். தூக்குவாளியை வாங்கவில்லை.

“அன்னிக்கு விளையாட்டு இல்ல, மாதம்மா. வண்டி நிக்கல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“வெளயாடற மூஞ்சியா அது? சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கிடந்துச்சு.”

“தெரிஞ்சுமா தெனம் தெனம் இங்க வந்து நின்ன?”

“நீயா சொல்லுவேன்னு நின்னேன்.”

“நிழலுக்கு நிக்கறேன்னு சொன்னியே…”

மாதம்மா குனிந்து, தன் இடுப்பு உயரம்கூட இல்லாத அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இதுக்கு ஏதுய்யா நிழலு?”