பீரோவுக்குப் பின்னால் இருந்த கதவு

கடைசியில் ஒரு கேள்வி வரும். அதனால் யார் என்ன சொன்னார்கள், யார் என்ன செய்தார்கள் என்பதைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காயல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அங்கே கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு நகையைவிட வீடுதான் பெரிய கவலை. நூற்று முப்பது வருஷத்துப் பழைய வீடு ஒன்றை அப்படித்தான் ஒரு மனிதர் தன் இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். நடுச்சுவர் எல்லை. பெரியவள் சுலைகாவுக்குக் கிழக்குப் பாதி, சின்னவள் ராபியாவுக்கு மேற்குப் பாதி. பிரித்த கையோடு அந்தச் சுவரை உடைத்து ஒரு கதவும் வைத்தார். சாகும்போது இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “ஒருத்தி வீட்டுல நல்லது கெட்டதுன்னா இன்னொருத்தி தெருவைச் சுத்தி வரக்கூடாது. உள்ளுக்குள்ளேயே வரணும். இந்தக் கதவை மூடமாட்டோம்னு சொல்லுங்க.” இருவரும் சொன்னார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ராபியா மகள் கல்யாணத்தில் சுலைகாவை முதல் பந்திக்குக் கூப்பிட யாரோ மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் சண்டை. மறுநாளே சுலைகா இரும்பு பீரோவை இழுத்து, கதவை மறைத்து நிறுத்திவிட்டார்.

இப்போது சுலைகாவின் இளைய மகள் மிஸ்ரியாவுக்கு நிக்காஹ். இன்னும் மூன்று மாதம். வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் மூத்தவளும் அவள் புருஷனும், இன்னொன்றில் உம்மா சுலைகாவும் வாப்பாவும். மிஸ்ரியாவுக்கு மாடியில் ஓர் அறை கட்டி, அப்படியே பழைய விரிசல்களையும் சரிபண்ணிவிடலாம் என்று முடிவானது. அறை இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளை வீட்டார் நேராகவே சொல்லிவிட்டார்கள்.

எஸ்தர் என்ற என்ஜினியர் வந்து அளந்து பிளான் போட்டார். மாடியின் பாரம் முழுவதும் நடுச்சுவர் மேல். பிளானைப் பார்த்த மிஸ்ரியா, “மேடம், கதவு எங்க?” என்றாள்.

“எந்தக் கதவு?”

பீரோவை நகர்த்தினார்கள். அதன் பின்பக்கம் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்தது. கதவுக்கு மேலே கை நீளத்துக்கு ஒரு விரிசல்.

“இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்று எஸ்தர் பென்சிலைக் காதில் செருகினார். “இந்தத் தெறப்போட சுவர் மாடியைத் தாங்காது. கல் வச்சு முழுசா அடைக்கணும். இல்லன்னா மாடியை மறந்துடுங்க.”

தூண் நிறுத்தலாமா என்று மிஸ்ரியாவின் வாப்பா கேட்டார். கீழே மண் போட்டு மூடிய பழைய கிணறு, தூண் இறங்கிவிடும் என்றார் எஸ்தர். “இன்னொண்ணு. இது பொதுச் சுவர். அந்தப் பக்கத்து அம்மா கையெழுத்தும் வேணும்.”

“முடியாது,” என்றார் சுலைகா. “எங்க வாப்பாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இந்தக் கதவுல ஒரு கல்லு வைக்க விடமாட்டேன்.”

“மூணு வருஷமா பீரோ வச்சிருக்கீங்களே உம்மா, அது என்னவாம்?” என்றாள் மிஸ்ரியா.

“பீரோவை நெனச்சா நகத்தலாம். கட்டுன சுவரை நகத்துவியா? வாய் மட்டும் நீளம் உனக்கு.”

பீரோ திரும்பவும் கதவை மறைத்தது. இரண்டு வாரம் போனது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு தடவை போன். மிஸ்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளை அதிகம் படுத்தியது. ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல், எஸ்தர் கையெழுத்துக்காகக் கொடுத்திருந்த சம்மதத் தாளை எடுத்துக்கொண்டு, பெண்கள் நடக்கிற குறுகலான பின்முடுக்கு வழியாகச் சுற்றி ராபியா சாச்சி வீட்டுக்குப் போனாள்.

“வாடி கல்யாணப் பொண்ணே. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” ராபியா தாளை இரண்டு தடவை படித்தார். “அறை என் சுவரை ஒட்டியேவா? மாப்பிள்ளை குறட்டை விடுவாரான்னு விசாரிச்சியா?”

“விளையாடாதீங்க சாச்சி. வாக்கு உங்களுக்கும் இருக்கே.”

ராபியா எழுந்து கதவுப் பக்கம் போனார். அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் போடப்படவில்லை. கீல்களில் துளித் துரு இல்லை. பக்கத்து ஆணியில் ஒரு சின்னத் தேங்காயெண்ணெய்ப் புட்டி தொங்கியது. ஒரு விரலால் இழுத்தார். சத்தமே இல்லாமல் திறந்தது. எதிரே பீரோவின் துருப்பிடித்த முதுகு.

“யாரு அங்க?” பீரோவுக்கு அப்பாலிருந்து சுலைகாவின் குரல்.

ராபியா கதவைச் சாத்தி, அந்தப் பலகையின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மிஸ்ரியா அதைக் கொண்டுவந்து உம்மா முன் வைத்தாள். சுலைகா கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “நீ திருட்டுத்தனமாப் போனதை அப்புறம் பேசுறேன். வாக்கை மீறுனது அவதான், பாத்தியா? நான் இல்ல.” உம்மா முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க மிஸ்ரியாவுக்குப் பயமாக இருந்தது.

கல் வைக்கக்கூடாது என்று கடைசிவரை நின்றவர் சுலைகா. வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவர் ராபியா. ஒளிந்துபோய் அதை வாங்கிவந்தவள் மிஸ்ரியா. செத்துப்போன மனிதரின் வாக்கைக் காப்பாற்றியது இவர்களில் யார்?

விடை: ராபியா. கதவு எதற்கு என்று அந்த மனிதரே சொல்லியிருக்கிறார்: ஒருத்தி வீட்டு நல்லதுக்கு மற்றவள் வந்து நிற்க. ராபியா பக்கம் வழி ஒருநாளும் அடைபடவில்லை. அக்கா வீட்டு நல்லது ஒன்று வந்தபோது கதவையே கொடுத்துவிட்டார். சுலைகா காவல் காத்தது பலகையை. மிஸ்ரியா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, அவளை விட்டுவிடலாம். ஆனால் எண்ணெய்ப் புட்டியைப் பற்றி உம்மாவிடம் சொன்னவள் அவள்தான். அதைக் கேட்ட சுலைகா, கொத்தனார் வந்த காலையில் தானே பீரோவைத் தள்ளி, கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனார். சாயங்காலம்வரை கொத்தனார் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அடைத்தார்கள். நிக்காஹ் அன்று ராபியா முடுக்கைச் சுற்றித்தான் வரவேண்டியிருந்தது. முதல் பந்தி தொடங்காமல் காத்திருந்தது. சுலைகா முடுக்கு முனையில் நின்றுகொண்டிருந்தார்.