உடும்பின் கிளியும் முயலின் மைனாவும்

ஆலங்காட்டுக் குளத்தின் கரையடியில் வைரவன் என்றோர் உடும்பு இருந்தது. உடும்பு பிடித்தால் விடாது என்பது ஊரறிந்த சங்கதி. இந்த வைரவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு கிளியை. தின்பதற்காக அல்ல, ஐயா! பெருமைக்காக!

அந்தக் காட்டில் அப்போது ஒரு வழக்கம் வந்திருந்தது. ஒவ்வொரு மிருகமும் ஒரு பறவையை வைத்துக்கொள்ளும். சொல்ல வேண்டியதைப் பறவையிடம் சொன்னால், அது பறந்துபோய் உரியவரிடம் சொல்லிவிட்டு வரும். விடிந்தால் எழுப்பும். மழை வருமா என்று கேட்டால் சொல்லும். சும்மா இருக்கும் நேரத்தில் பாட்டுப் பாடும். பறவை வருவதற்கு முன்னால் எப்படித்தான் வாழ்ந்தோம் என்பது ஒரு மிருகத்துக்கும் ஞாபகம் இல்லை.

பறவைகளில் இரண்டு கூட்டம். அத்திமரத்துக் கிளிகள் ஒன்று, புங்கமரத்து மைனாக்கள் இன்னொன்று.

கிளி அழகு. பேச்சும் சுத்தம். ஆனால் அத்திமரத்தடியில் விளையும் ஊசிமிளகாயைத் தவிர வேறெதையும் தொடாது. கொய்யாப்பழம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பேச்சையே நிறுத்திவிடும். கிளி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி கொண்டுபோகும். மைனா அப்படி இல்லை. எதைப் போட்டாலும் தின்னும், யாரிடம் வேண்டுமானாலும் போகும். ஒரே ஒரு தொல்லை. செய்தியைச் சொல்வதற்கு முன்னால் புங்கமரத்து விளம்பரம் ஒன்றைச் சொல்லித் தீர்க்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை அத்திமரத்தில் புதுக்கிளி இறங்கும். போன வருஷம் கழுத்தில் இரண்டு வளையம். இந்த வருஷம் மூன்று. அதை வாங்க வைரவன் இரண்டு பகல் வரிசையில் நின்றது. இடத்தைப் பிடிக்க வந்த நரியே சலித்துப்போய்த் திரும்பிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் முன்னால் நின்ற முள்ளம்பன்றிக்கு முதுகில் கிளியை உட்காரவைக்க வழியில்லை. மூக்கின்மேல் உட்காரவைத்துக்கொண்டு, வழி தெரியாமல் முட்டிக்கொண்டு வீடு போனது. போகும்போதும் முகமெல்லாம் சிரிப்பு!

வைரவன் புதுக்கிளியோடு புற்றுக்கு வந்தது. அதன் மனைவி வடிவு அப்போதுதான் எட்டு முட்டைகளை இட்டுவிட்டு, புற்றின் வாயை மண்ணால் மெழுகிக்கொண்டிருந்தது.

"வடிவு, பார்த்தியா! மூணு வளையம்!"

"சரிங்க. மூணாவது வளையம் என்னத்துக்கு?"

வைரவன் யோசித்தது. நாக்கை இரண்டு முறை வெளியே நீட்டி இழுத்தது.

"அழகா இருக்குல்ல?"

வடிவு மறுபடி மண்ணை மெழுகத் தொடங்கியது. அதற்குப் பறவையும் கிடையாது, பறவைமேல் ஆசையும் கிடையாது. எட்டு முட்டையும் நல்லபடியாகப் பொரிய வேண்டும் என்ற ஒரே கவலைதான்.

வைரவனுக்கு ஒரு சிநேகிதன் இருந்தது. மேட்டுப் புல்லில் குடியிருக்கும் பூச்சியப்பன் என்ற முயல். காலையில் இருவரும் தட்டைப்பாறையில் ஒன்றாக வெயில் காய்வார்கள். ஒருநாள் பூச்சியப்பன் தோளில் ஒரு மைனாவோடு வந்து நின்றது. வைரவனின் முகம் சுருங்கிவிட்டது.

"டேய், போயும் போயும் மைனாவா?"

"ஏன், மைனாவுக்கு என்ன? எதைக் குடுத்தாலும் திங்குது. எல்லார்கிட்டயும் பேசுது."

"எல்லார்கிட்டயும் பேசுறதுதான்டா அதோட லட்சணம்! தரம்னு ஒண்ணு வேண்டாமா?"

"தரமா? மிளகா இல்லேன்னா மயக்கம் போட்டு விழுது உன் கிளி! ரெண்டு நாள் கால் கடுக்க நின்னு ஜம்பத்தை வாங்கிட்டு வந்தவன்தானே நீ!"

"யாரைப் பார்த்து ஜம்பம்ங்கிறே? இனிமே உன் மைனா என் புற்றுப் பக்கம் வந்துச்சு, வாலால ஒரே அடி!"

"உன் கிளிக்கும் உனக்கும் ஒரு கும்பிடு! இனி நான் இந்தப் பக்கமே வரமாட்டேன், போ!"

அவ்வளவுதான். பேச்சு அற்றுப்போனது. தட்டைப்பாறை காலியாகக் கிடந்தது. இது இரண்டு பேரோடு நிற்கவில்லை. காட்டில் பச்சைக்கட்சி, பழுப்புக்கட்சி என்று இரண்டு கட்சிகள் கிளம்பின. வைரவன் தழையைக் கசக்கித் தன் வாலுக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டது. மைனா பேசினால் காதில் வாங்குவதில்லை என்று கிளிக்காரர்கள் எல்லாரும் அத்திமரத்தடியில் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்யச் சொல்லிக் கிளிகள் கேட்டனவா என்றால், அதுதான் இல்லை! இவர்களாகவே செய்தார்கள்.

பிறகு மழை பிடித்தது. இரண்டு நாள் விடாத மழை. குளம் நிரம்பித் தளும்பியது. மூன்றாம் நாள் காலையில் மழை விட்டதும் வைரவன் புற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது. அப்போது பூச்சியப்பனின் மைனா சிறகை அடித்துக்கொண்டு வந்து இறங்கியது.

"உடும்பண்ணே! பூச்சியப்பன்கிட்டேருந்து அவசரச் செய்தி! அதுக்கு முன்னாடி ஒரு சின்ன அறிவிப்பு! புங்கமரத்தடியில் கொழுகொழு மண்புழுக்கள்! இன்று ஒருநாள் மட்டும்! குடும்பத்தோடு வாரீர், வயிறார..."

"போ! போ! மண்புழு விக்க என் வீட்டு வாசல்தான் கிடைச்சுதா?"

"இன்னும் கொஞ்சம்தான்ணே விளம்பரம்! பொறுத்துக்குங்க, செய்தி பின்னாடியே வருது!"

வைரவன் பச்சை வாலைச் சுழற்றி ஓங்கி ஓர் அடி அடித்தது. மைனா தப்பித்தோம் பிழைத்தோம் என்று பறந்துவிட்டது.

வடிவு புற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"ஏங்க, அவசரம்னு சொல்லிச்சே?"

"மண்புழுவுல என்னடி அவசரம்? நிஜமாவே அவசரம்னா நம்ம கிளி சொல்லியிருக்காதா? இரு, கேட்டுச் சொல்றேன்."

வைரவன் தலையை நிமிர்த்தி, தன் தலைமேல் உட்கார்ந்திருந்த கிளியைக் கூப்பிட்டது. கிளி கண்ணைத் திறக்கவில்லை. அதன் பழைய இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து வைரவனின் மூக்கில் விழுந்தன.

"தங்கள் கிளி இறகு புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. நூற்றில் நாற்பது இறகு முளைத்துவிட்டது. தயவுசெய்து காத்திருக்கவும்," என்றது கிளி.

"இல்ல, குளத்துல ஏதாவது..."

"காத்திருக்கவும்."

"பார்த்தியா வடிவு!" என்றது வைரவன். "எவ்வளவு மரியாதையா சொல்லுது! அந்த மைனாவுக்கு இது வருமா?"

மரியாதைக்குக் குறைவில்லைதான்! வைரவன் மறுபடி வெயிலில் நீட்டிப் படுத்தது.

கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து ஏதோ உருண்டு வருவதுபோல் தெரிந்தது. பூச்சியப்பன்! உடம்பெல்லாம் சேறு. மூச்சு வாங்கியது. காது இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தன.

"டேய் வைரவா! இன்னுமா படுத்துக் கிடக்கே! கரை உடையப்போவுதுடா!"

"நீ எதுக்கு இங்க வந்தே? வரமாட்டேன்னு சொன்னவன்தானே?"

"செய்தி அனுப்பினேனே! 'பார்த்தாச்சு, பதில் இல்லை'ன்னு மைனா வந்து சொல்லிச்சு. எனக்கு வந்துதே ஒரு கோபம்! எப்படியோ போன்னு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் வடிவு ஞாபகம் வந்துது, முட்டை ஞாபகம் வந்துது. ஓடிவந்தேன். எழுந்திருடா! மேல நண்டு வளை வழியா தண்ணி கசியுது. விடியக்காலம் தெளிவா வந்துச்சு. இப்போ கலங்கலா வருது. கரை உள்ளுக்குள்ளயே கரையுதுடா!"

வைரவன் சட்டென்று தலையைத் தூக்கியது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பரவாயில்லை, கலங்கல் கசிந்தால் கரை தாங்காது. குளத்தடியில் குடியிருக்கும் எந்த மிருகத்துக்கும் இது தெரியும். ஆனாலும் பாருங்கள், உடும்பல்லவா! பிடித்த பிடியை விட மனம் வரவில்லை.

"கிளி ஒண்ணும் சொல்லலையே..." என்று இழுத்தது.

"நூற்றில் அறுபது," என்றது கிளி.

வடிவு புற்றைவிட்டு முழுசாக வெளியே வந்தது. இத்தனை நாள் வைரவன் அதன் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"ஏங்க! கிளியா எட்டு முட்டை போட்டுச்சு?"

வைரவனுக்குச் சுரீரென்றது. வெட்கம் தலைமுதல் வால்வரை ஓடியது. அடுத்த நொடி முன்னங்கால் நகங்களால் புற்றின் சுவரைப் பிய்த்து எறியத் தொடங்கிவிட்டது!

வடிவு முட்டையை வாயில் கவ்வி, ஒவ்வொன்றாகத் தட்டைப்பாறைக்குக் கொண்டுபோனது. பூச்சியப்பனுக்கு முட்டையைக் கவ்வத் தெரியாது. ஒரு தேக்கிலையைத் தேடியெடுத்து, அதில் முட்டையை வைத்துக் காம்பைப் பல்லால் கடித்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனது. பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் ஒரு முட்டையும் உடையவில்லை. ஏழு முட்டைகள் பாறை ஏறிவிட்டன.

எட்டாவது முட்டையை வைரவன் கவ்வியது. பூச்சியப்பன் வழி காட்டிக்கொண்டு முன்னால் ஓடியது. பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். கரை உடைந்துவிட்டது!

செம்மண் தண்ணீர் இடுப்பளவு உயரத்துக்குப் பாய்ந்து வந்தது. முயலின் இடுப்பளவுதான் என்றாலும், முயலுக்கு அது வெள்ளம்தானே! பூச்சியப்பனின் கால் தரையைவிட்டுக் கிளம்பியது. வைரவன் பாய்ந்து ஒரு பனைமரத்தின் அடிவேரைப் பிடித்துக்கொண்டு வாலை நீட்டியது. பூச்சியப்பன் அதைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டது. தண்ணீர் இழுத்தது. வைரவன் விடவில்லை. வாய்க்குள் முட்டை இருந்ததால் ஒரு வார்த்தை பேசவும் முடியவில்லை. அதன் பிடி உருப்படியான காரியத்துக்கு உதவியது அன்றுதான். வாயை மூடிக்கொண்டிருந்ததும் அன்றுதான்.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமேலிருந்து ஒரு குரல் வந்தது.

"நூற்றில் நூறு! புதுப்பித்தல் இனிதே நிறைவடைந்தது. தங்கள் பொறுமைக்கு நன்றி!"

சொல்லிவிட்டுக் கிளி சிறகை ஒருமுறை உதறியது. பறந்தே போய்விட்டது! வைரவன் மேல்நோக்கி ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். சிறுவர்களும் படிக்கும் கதை.

தண்ணீரின் வேகம் மெல்லத் தணிந்தது. வைரவன் ஊர்ந்து ஊர்ந்து பாறை ஏறியது. வாலில் பூச்சியப்பன் தொங்கிக்கொண்டு வந்தது. வாலின் பச்சைச் சாயமெல்லாம் முயலின் மார்பில் ஒட்டியிருந்தது. வைரவன் எட்டாவது முட்டையை மெதுவாக இறக்கி வைத்தது. வடிவு எண்ணிப் பார்த்தது. எட்டும் இருந்தன. பிறகு ஒருமுறை பூச்சியப்பனைப் பார்த்தது, கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, நீங்க வரலேன்னா..."

"அட, நானே லேட்டு. கோபப்பட்டு உக்காந்துட்டேன் பாரு, மடையன் நான்," என்றது பூச்சியப்பன்.

"நீ மடையன்னா நான் யாருடா?" என்றது வைரவன்.

இருவரும் பாறையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அப்போது பாறைக்கு மேலே நாவல்மரத்தில் சலசலப்புக் கேட்டது. அண்ணாந்து பார்த்தார்கள். ஒரே கிளையில் மூன்று வளையக் கிளியும் பூச்சியப்பனின் மைனாவும் உட்கார்ந்து நாவல்பழம் தின்றுகொண்டிருந்தன. தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு!

வைரவனுக்கு ஆத்திரம் வந்தது.

"ஏய் கிளியே! மைனாக்காரங்களுக்குச் செய்தி கொண்டுபோகமாட்டேன்னியே, இப்போ மைனாவோட பேசுறியா! மிளகாயைத் தவிர எதையும் தொடமாட்டேன்னியே!"

"தங்கள் செய்தியைத்தான் மைனாவிடம் கொடுக்க மாட்டோம். நாங்கள் பேசிக்கொள்வோம்," என்றது கிளி. "மிளகாய் மட்டும் என்பது தங்கள் வீட்டில் இருக்கும்போதுதான்."

"நாங்க தினம் மத்தியானம் இங்கதாண்ணே சாப்பிடுவோம்," என்றது மைனா கொட்டையைத் துப்பிவிட்டு. "எங்களுக்குள்ள என்ன சண்டை? நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டீங்கன்னுதான் எங்களுக்கு விளங்கவே இல்லை. ஆமா, புங்கமரத்தடியில் கொழுகொழு..."

பூச்சியப்பன் முதலில் சிரித்தது. வைரவனும் சிரித்தது. முட்டை உடைந்துவிடப் போகிறது, தள்ளிப் போய்ச் சிரியுங்கள் என்று வடிவு அதட்டியது.

அந்த வருஷம் எட்டுக் குஞ்சுகளும் தட்டைப்பாறையிலேயே பொரிந்தன. வைரவன் கிளியைத் துரத்திவிடவில்லை. விடிந்தால் எழுப்ப, பாட்டுப் பாட, அது போதும். ஆனால் பூச்சியப்பனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேட்டில் ஏறி நின்று தானே கூப்பிட்டது. தொண்டை கட்டினாலும் அதில் ஒரு சுகம் இருந்தது.

அடுத்த வருஷம் அத்திமரத்தில் நான்கு வளையக் கிளி இறங்கியது. வரிசை குளக்கரைவரை நீண்டது. முள்ளம்பன்றி முன்னால் நின்றபடி குரல் கொடுத்தது.

"என்ன வைரவா, வரலையா? நாலு வளையம்!"

"நாலாவது வளையம் என்னத்துக்கு?"

முள்ளம்பன்றி யோசித்தது. மூக்கின்மேல் இருந்த பழைய கிளியும் யோசித்தது.

"அழகா இருக்குல்ல?"

வைரவன் சிரித்துக்கொண்டே தட்டைப்பாறைக்குப் போனது. பூச்சியப்பன் பாதி இடத்தை விட்டுவிட்டுக் காத்திருந்தது.

கையிலிருக்கும் பொருள் எதுவானாலும் அதை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் விசுவாசத்தை அதனிடம் கொடுக்காமல், ஆபத்தில் ஓடிவரும் உறவுக்கே வைத்திருக்க வேண்டும்.