ஒன்பது வாட்

"வோல்டேஜை ஏத்தறதா, ரெசிஸ்டன்ஸைக் குறைக்கறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. இன்னைக்கு நான் முடிவு பண்ணியாகணும்."

மருதப்பன் கேட்டது கோமளாகிட்ட. கிள்ளான்ல சந்தைக்குப் பின்னாடி அவ வேப் கடை வெச்சிருக்கா, பேட்டரி சிகரெட் விக்கற கடை. அவளுக்கு முப்பத்தோரு வயசு, இவருக்கு அறுபத்திரெண்டு. சிகரெட்டை விட்டுட்டு இதுக்கு மாறின என்னை மாதிரிக் கிழடுங்க எல்லாம் அவளைக் குருன்னு கூப்பிடுவோம். முதல்ல கிண்டலுக்குத்தான் கூப்பிட்டோம். அப்புறம் அதுவே நிலைச்சிருச்சு.

நான் என் கருவியில சூடேறற காயிலை மாத்தறதுக்காக ஓரமா உட்கார்ந்திருந்தேன்.

மருதப்பன் வெறுங்கையோட வரலை. ஒரு தாள்ல கணக்கு எழுதிக் கொண்டு வந்திருந்தார். முப்பது வருஷம் மின்கம்பத்துல ஏறி எறங்கின லைன்மேன். கரண்டைப் பத்தி எனக்கா பாடம்ங்கற தோரணை அவருக்கு எப்பவும் உண்டு.

தாளோட இன்னொண்ணையும் மேசையில வெச்சார். பிரிக்காத சிகரெட் பாக்கெட்.

இருதயத்துல ரெண்டு ஸ்டென்ட் வெச்ச மனுஷன். இனி ஒரு சிகரெட்டைத் தொட்டாலும் என்கிட்ட வராதீங்கன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லியிருந்தார். எட்டு மாசமா அவர் தொடலை. இன்னைக்கும் சரிப்பட்டு வரலைன்னா, வெளியே போய் இதைப் பிரிச்சிடுவேன்னு அமைதியாத்தான் சொன்னார். அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கலை.

அப்புறம் தன் குறையைச் சொல்ல ஆரம்பிச்சார். அவர்கிட்ட ரெண்டு கருவி இருக்கு. ஒண்ணுல வோல்டேஜைத் திருகி ஏத்தலாம், எறக்கலாம், ஆனா தொண்டையில பிடிக்க மாட்டேங்குது. இன்னொண்ணுல திருக எதுவும் இல்லை, ரெசிஸ்டன்ஸ் கம்மியான காயிலைப் போட்டா கரண்ட் கூடப் பாயும், முதல் இழுப்பே சூடா வரும். ஆனா ரெண்டே நாள்ல காயிலுக்குள்ள இருக்கற பஞ்சு கருகின வாசம் வருதாம்.

எதுலயும் அது இல்லம்மான்னு முடிச்சார்.

எது இல்லைன்னு அவ கேட்டா.

"அதான். அது."

கோமளா ரெண்டு கருவியையும் வாங்கி ஒரே வேப் திரவத்தை ரெண்டுலயும் ஊத்தினா. பழைய பேப்பரைக் கிழிச்சு, வாய் வைக்கற முனை மட்டும் தெரியற மாதிரி ரெண்டையும் சுத்தினா. ஒவ்வொண்ணா நீட்டினா.

அவர் கண்ணை மூடி இழுத்தார். முதல்ல வந்ததுதான் நல்லா இருக்கு, இதுதான் வோல்டேஜ், சந்தேகமே இல்லைன்னார்.

அவ ரெண்டையும் முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோய் மாத்தி நீட்டினா. இந்தத் தடவையும் முதல்ல வந்ததுதான்னார். மூணாவது தடவை ஒரே கருவியையே ரெண்டு வாட்டி கொடுத்தா. அதுல ஒண்ணு சுமார், இன்னொண்ணு பிரமாதம்னு சொல்லிட்டார்.

பேப்பரைப் பிரிச்சதும் மனுஷன் மானம் கப்பலேறிருச்சு. நான் சிரிச்சிட்டேன். ஒரு முறை முறைச்சார் பாருங்க, வாயை மூடிக்கிட்டேன்.

அவர் தாளையே அவர் பக்கம் திருப்பி, கணக்கைப் போடச் சொன்னா கோமளா. வோல்டை வோல்டால பெருக்கி ஓம்ல வகுக்கணும். அவருக்குத் தண்ணி பட்ட பாடு. நாலே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி வோல்ட், ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி ஓம். ஒன்பது வாட். மத்ததுல வோல்டும் கம்மி, ஓமும் கம்மி. அதுவும் ஒன்பது வாட்.

ரெண்டும் ஒரே சூடு. அவர் பென்சிலைக் கீழே வெச்சார்.

"இது எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்ல அங்கிள்? அப்புறம் எட்டு மாசமா என்கிட்ட ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?"

அவர் கை சிகரெட் பாக்கெட்டுக்குப் போச்சு. அவ தடுக்கலை. ஒரே ஒரு தடவை, எதுலயாவது, உங்க பாட்டுக்கு இழுங்க, அப்புறம் போங்கன்னா.

சலிச்சுக்கிட்டே கிட்ட இருந்ததை எடுத்தார். ஒரு இழுப்பு. ரெண்டு. மூணு. நாலாவது இழுப்புக்கு முன்னாடி அவர் கை தானா இடது பக்கம் நீண்டுச்சு.

இடது பக்கம் சுவரும் ஒரு காலண்டரும்தான் இருந்துச்சு.

"யாருக்கு நீட்டறீங்க அங்கிள்?"

அவர் தன் கையைப் பார்த்தார். அந்தக் கை அங்கேயே நின்னுச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. போன மாசம் இப்படித்தான் என் பக்கம் நீட்டினார். எனக்குத் தர்றாராக்கும்னு, வேணாம்ணேன்னேன். உனக்கு எவன் கொடுத்தான்னு எரிஞ்சு விழுந்தார். திமிர் பிடிச்ச மனுஷன்னு நினைச்சேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவர் எங்களைப் பார்த்துப் பேசலை, காலண்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

லைன்மேன் வேலைக்கு எப்பவும் ரெண்டு பேரு. ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழே ஏணியப் பிடிச்சுக்கிட்டு. இவருக்குக் கீழே நின்னது சவரிமுத்து. மழை கொட்டட்டும், குளவி கொட்டட்டும், மேல இருக்கறவன் தரையில காலை வெச்சு "எறங்கிட்டேன்"னு வாயால சொல்ற வரைக்கும் கீழே இருக்கறவன் ஏணிய விடக்கூடாது. அது அவங்க ரெண்டு பேரும் வெச்சுக்கிட்ட சட்டம். ஒரு தடவை இவர் சொல்ல மறந்துட்டு லாரிக்கு நடந்து போயிட்டாராம். திரும்பிப் பார்த்தா சவரிமுத்து வெறும் ஏணியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான்.

எறங்கினதும் லாரி நிழல்ல ஒரு சிகரெட். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு. மேல போனவன் கை நடுங்கும், அதனால முதல் பாதி அவனுக்கு. மிச்சப் பாதி கீழே நின்னவனுக்கு. சவரிமுத்துக்கு இடது காது கேட்காது, அதனால எப்பவும் இவருக்கு இடது பக்கமாத்தான் உட்காருவான்.

நனைஞ்ச தார் ரோட்டு வாசமும், பிளாஸ்டிக் பையில கட்டின கோப்பியும், அவன் சொல்ற அறுவை ஜோக்கும். அந்தக் காலம் போயிருச்சும்மான்னார்.

சவரிமுத்து இருக்காரான்னு கோமளா கேட்டா.

இருக்கான், பக்கத்து ஊர்ல, காப்பார்ல. நுரையீரல் கெட்டுப்போச்சு. அவன் பொண்டாட்டி செலின் இவர்கிட்ட வந்து, நீங்க வந்தா இவருக்கும் ஆசை வருது, கொஞ்ச நாளைக்கு வராதீங்கண்ணேன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிச்சாம். இவருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்திருச்சு. அன்னைக்குப் போனவர்தான். ஒன்றரை வருஷம். போன் கூடப் பண்ணலை. அவனும் பண்ணலை.

கோமளா ரெண்டு கருவியோட பேட்டரியையும் கழட்டினா. இழுப்பறையில போட்டு மூடினா. சிகரெட் பாக்கெட்டை அது இருந்த இடத்துலயே விட்டா. அவரோட போனை எடுத்து அவர் முன்னாடி வெச்சா.

அவர் அந்த மூணையும் மாறி மாறிப் பார்த்தார். இழுப்பறை, பாக்கெட், போன்.

"என்னன்னும்மா சொல்றது?"

"கம்பத்துல இருந்து வந்தா என்ன சொல்வீங்க?"

அவர் விரல் நம்பரைத் தேடலை, மனப்பாடமா அடிச்சுது. கை நடுங்கினதால காதுல வெச்சுக்க முடியலை. ஸ்பீக்கரைப் போட்டு மேசையில வெச்சார். ரொம்ப நேரம் மணி அடிச்சுது. எடுக்க மாட்டாங்கன்னே நான் நினைச்சேன்.

எடுத்தாங்க. முதல்ல இருமல். அப்புறம், யாருன்னு ஒரு கரகரத்த குரல்.

மருதப்பன் போன் பக்கம் குனிஞ்சார்.

"எறங்கிட்டேன்டா."

அந்தப் பக்கம் இருமல் நின்னுச்சு.

"இவ்வளவு நேரமாடா உனக்கு?"ன்னுச்சு அந்தக் குரல். "நான் இன்னும் ஏணிய விடலைடா."