ஊசித்தொண்டைப் பேய்கிட்ட பிச்சை கேட்டவ

ஒரு ஊர்ல ஒரு குளம். கடலோர ஊரு, எங்க தோண்டினாலும் உப்புத் தண்ணி. குடிக்க அந்தக் குளம் மட்டுந்தான். அதுல ஒரு பேய் வந்து உக்காந்துக்கிச்சு. வயிறு பானையாட்டம், தொண்டை ஊசி ஓட்டையாட்டம். கழுத்தளவு தண்ணியில இருக்கு, ஆனா ஒரு வாய் உள்ள இறங்காது. தாகமோ தீயா எரியுது. யாராவது கிட்ட வந்தா, "எனக்கே பத்தல! போ!"ன்னு உறுமும்.

கேக்குறியா?

ம்.

மூணு நாளாச்சு. கன்னுக்குட்டிங்க நாக்கைத் தள்ளிக்கிட்டுப் படுத்துருச்சு. ஒரு கைக்குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்ல.

அப்போ கொற்றன்னு ஒரு மல்லன், உலக்கையோட குளத்துல இறங்கினான். டமார்! பேய் செத்துச்சா? அதான் இல்ல. அடி விழ விழ வயிறு உப்புச்சு. உலக்கை ரெண்டாப் போச்சு, கொற்றன் ஓடியே வந்துட்டான்.

அப்புறம் ஊர்த்தலைவர் பொண்டாட்டி சேந்தி, "பாவம், பசி போல. வயிறு நிறைஞ்சா போயிடும்"னு கூடை கூடையா அவலும் கருப்பட்டியும் கொண்டுபோய்க் கொட்டினா. தொண்டையில ஒரே ஒரு அவல்தான் போச்சு. மிச்சத்தை மடியில வாரிக்கிட்டு, "இன்னும்! இன்னும்!"னு கத்துச்சு. ஊர்ல இருந்த தீனியெல்லாம் காலி.

ம்... அப்புறம்?

அப்புறம் அந்த வழியா நந்தைன்னு ஒரு பிக்குணி வந்தா. பிக்குணின்னா புத்தர் வழியில போறவ. வீடு வாசல் கிடையாது, பாத்திரத்தை நீட்டிப் பிச்சை வாங்கித்தான் சாப்பிடுவா. சேந்தி குறுக்க நின்னா. "போகாதம்மா, கொன்னுடும்!"

"கேட்டுத்தான் பாக்குறேனே. கேக்குறதுதான என் வேலை."

சளக், சளக்னு தண்ணியில நடந்து போனா. பாத்திரத்தை நீட்டினா. "ஐயா, பிச்சை போடுங்க."

பேய் திருதிருன்னு முழிச்சுது. எல்லாரும் அடிக்க வந்தாங்க, இல்ல கொட்ட வந்தாங்க. அதுகிட்ட ஒருத்தரும் கேட்டதே இல்ல.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல!"ன்னு கையை ஓங்குச்சு. நந்தை நீட்டின பாத்திரத்தை இழுத்துக்கல.

"ஒரு சொட்டு போதும் ஐயா."

பேய் தண்ணிய விரல் நுனியால தொட்டு, பாத்திரத்துல சொட்டுனு ஒரு சொட்டு விட்டுச்சு. உடனே தொண்டையில க்ளுக்! ஒரு மடக்குத் தண்ணி இறங்கிருச்சு. "ஐயோ, குளுகுளுன்னு இருக்கே!"

"ஒரு கை போடுங்க."

சளப்! இன்னும் ரெண்டு மடக்கு இறங்குச்சு.

"இப்போ ஒரு பாத்திரம். அந்தக் குழந்தைக்கு."

பேய் பாத்திரத்தைப் பாத்துச்சு. கரையில தாய் மடியில துவண்டு கிடந்த கைக்குழந்தையைப் பாத்துச்சு. கை ஒரு தடவை பின்னால போச்சு. அப்புறம் ரெண்டு கையும் சேத்து அள்ளி, வழிய வழிய ஊத்துச்சு. நந்தை அதைக் கரையில நின்னவங்ககிட்ட நீட்டினா. குழந்தை வாயில தண்ணி பட்டதும் "ங்ஙா"ன்னு ஒரு அழுகை! அந்தச் சத்தம் கேட்டு ஊரே சிரிச்சுது.

அப்போ பேயோட தொண்டை விரிஞ்சு வழி விட்டுச்சு. மடக் மடக்னு குடிச்சுது. பெரிய ஏப்பம் விட்டுச்சு. "போதும்"னு சொல்லிச்சு. செத்தப்புறமும் சரி, மனுஷனா இருந்தப்பவும் சரி, அது வாயில அந்த வார்த்தை வந்ததே இல்ல. வயிறு புஸ்ஸுனு வடிஞ்சு, பஞ்சாட்டம் லேசாகி, சிரிச்சுக்கிட்டே மேல போயிருச்சு.

அப்புறமென்ன! தொபுக்கடீர்னு ஊரே குளத்துல குதிச்சுது. கொற்றன் பறையை எடுத்து டம் டம்னு வெளுத்துக் கட்டினான். கன்னுக்குட்டிங்க குடிச்சிட்டு வாலைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சுங்க. நந்தை சொட்டச் சொட்ட நனைஞ்சு கரையேறி, அடுத்த ஊருக்கு நடந்தா.

அவ போயிட்டா, கதையும் ஆச்சு. கண்ண மூடு தங்கம்.