மூன்றாவது மூட்டை

குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்தால் அடுப்பே வேண்டாம், அவர் தலையிலேயே தோசை சுடலாம் என்று மடத்தில் சொல்வார்கள். அன்று காலை அந்தத் தோசையும் கருகியிருக்கும்.

மடத்தில் தினமும் மதியம் அறுபது பேருக்குச் சாப்பாடு. மூன்று கிலோ துவரம்பருப்பு வேண்டும். முன்பெல்லாம் அதை அன்றன்றைக்குத் தெருமுனைக் கடையில் பொட்டலமாக வாங்குவார்கள்.

"சில்லறையில வாங்கி உருப்பட்டவன் உண்டா?" என்று கேட்டுத்தான் குற்றாலிங்கம் சாமான் அறைச் சாவியை வாங்கினார். கார்த்திகை பிறந்த அன்று டவுன் மண்டிக்குப் போய், ஐம்பது கிலோ மூட்டையாக ஐந்து மூட்டை பருப்பை மொத்தமாக இறக்கினார். கிலோவுக்குப் பதினான்கு ரூபாய் மிச்சம். அந்த மாதம் முழுக்க அவர் வாயால் அந்தப் பதினான்கு ரூபாயைப் பற்றிக் கேளாதவர் மடத்தில் யாருமில்லை.

மார்கழி பிறந்து நாலாம் நாள் அறையைத் திறந்தார். இரண்டு மூட்டை தீர்ந்திருக்க வேண்டிய நாளில் மூன்றாவதும் வெறும் சாக்காகக் கிடந்தது.

நேரே அடுப்படிக்குப் போனார். சமையல்காரி மாடத்தி உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போச்சு ஒரு மூட்டைப் பருப்பு?"

"எங்க போகும் அண்ணாச்சி, சாம்பார்லதான் போச்சு. கெட்டியா இருக்குன்னு நேத்து ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சது நீங்கதானே?"

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குற்றாலிங்கத்துக்குக் கோபம் பற்றிக்கொண்டது.

"களவாணி! திங்கிற வீட்டுலயே கை வைக்கிறியா? உன் வம்சமே களவாணி வம்சம். உன் புருஷன் உன்னை விட்டுட்டு ஓடினதும் இதனாலதான்!"

சிரிப்பு நின்றுபோனது. மாடத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள்.

"எனக்கும் எம் பிள்ளைக்கும் இங்க கிடைக்கிற சோறுதான் கதி. தெரிஞ்சுதான் சொல்லுதேன், நான் போறேன்" என்று வெளியே நடந்தாள்.

குற்றாலிங்கம் கொல்லைப்புறம் போனார். மடத்தின் குரு செண்பகத்தம்மா தொட்டியடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சீடரான குற்றாலிங்கத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"அம்மா, திருடியோட ஒரே கூரையில இருந்துகிட்டு மனசை எப்படி அடக்குறது?"

"இன்னைக்குச் சமையல் யாரு?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா!"

"அறுபது பேரு பசியோட வருவாங்க. நீங்கதான் சமைக்கணும்."

"சமைக்கிறேன். மூணு கிலோவில அறுபது பேருக்குச் சாம்பார் வச்சுக் காட்டுறேன். அப்பத் தெரியும் அவ லட்சணம்."

சாமான் அறைக்குப் போய் நாலாவது மூட்டையின் வாயை வெடுக்கென்று பிரித்தார். தராசை எடுக்கப் போனார்.

"மாடத்தி தராசா வச்சிருந்தா? முறத்தால அள்ளுங்க" என்றார் பின்னாலேயே வந்த குரு.

"எனக்குக் கை அளவு தெரியாதா?"

அள்ளி அண்டாவில் கொட்டினார். மூட்டையைப் பார்த்தார். ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது. அண்டாவில் கிடந்தது கொசுறு போலத் தெரிந்தது. இன்னொரு முறம் போட்டார். அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லை, இரண்டு கையாலும் வாரிப் போட்டார்.

"பாத்தீங்களா? இவ்வளவுதான்!"

"இப்ப நிறுங்க."

நிறுத்தார். நாலரைக் கிலோ.

"தராசு கெட்டுப்போச்சு" என்று கத்தினார்.

"திரும்ப நிறுங்க."

மறுபடியும் நாலரை. குற்றாலிங்கம் தராசுத் தட்டையே முறைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் வேர்த்தது.

"பொட்டலத்துல வந்தப்ப அவ்வளவுதான் இருக்குன்னு கை நின்னுது. மூட்டையைப் பாத்தா நிக்க மாட்டேங்குது" என்று முணுமுணுத்தார். பிறகு விறைப்பாகவே சொன்னார். "சரிம்மா. தப்பாச் சொல்லிட்டேன். இனிமே நிறுத்துப் போடச் சொல்லுதேன். வரச் சொல்லுங்க அவளை."

சன்னல் வழியே வாசல் தெரிந்தது. மாடத்தி மகளுக்குச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வார் மாட்டவில்லை, மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

குரு சாம்பல் கையைத் துடைத்தார்.

"பருப்பை இனிமே நிறுத்துக்கலாம். அவ ஒருத்திதானே, அண்ணாச்சி? காலையில அவமேல கோபத்தைக் கொட்டினீங்களே, அது எத்தனை பேருக்கு அள்ளினது?"